ஓட்ட ஐந்து மணித்தியாலம் மீதமிருந்தும் வண்டியை நிறுத்திய இரவு

2023 பெப்ரவரி. நான் தனியாகப் பெரிய ட்ரக் ஓட்டத் தொடங்கி மூன்றாவது வாரம். கனடாவின் வடக்கு ஒன்ராறியோவில் பிளைன்ட் ரிவர் என்ற சிற்றூரில், இரவு ஒன்பது மணிக்கு, ஓர் எரிபொருள் நிலையத்தின் பின்புறம் பனிக்குவியலை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். சாரதியின் வேலை நேரத்தைப் பதிவுசெய்யும் மின்னணுக் கருவியின் திரையில் மூன்று கணக்குகள் தெரிந்தன. ஓட்டுவதற்கு மீதம் 5 மணித்தியாலம் 15 நிமிடம். வேலை நேரத்தில் மீதம் 15 நிமிடம். நாள் முடிய மீதம் 1 மணித்தியாலம்.

நிறுவனத்திலிருந்து வண்டிகளை வழிநடத்தும் டிஸ்பாச்சர் தொலைபேசியில் அழைத்தார். "ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறதே, ஏன் நிற்கிறாய்? சூ செயின்ட் மேரி வரை போ" என்றார். இன்னும் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அவர் பார்த்தது முதல் எண்ணை மட்டும்.

அந்த மூன்று எண்களும் எப்படி வேறுபடுகின்றன என்பது புரிய எனக்கே பல மாதங்கள் பிடித்தன. ஒன்ராறியோவில் இந்த வகை உரிமம் எடுக்க 2017 ஜூலையிலிருந்து குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். நான் படித்த இடத்தில் பின்னோக்கிச் செலுத்துவதற்கும் பிரேக் பரிசோதனைக்கும் நாள்கணக்கில் நேரம் கொடுத்தார்கள். வேலை நேர விதிகளை ஒரே பிற்பகலில் முடித்துவிட்டார்கள். எண்களை மனப்பாடம் செய்து தேர்வில் தேறினேன். அவற்றின் பொருளைச் சொல்லித்தந்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சாலைகளில் ஓடிய நம்மவர் ஒருவர். அவரை நான் அண்ணா என்றுதான் அழைப்பேன். "தம்பி, பதின்மூன்றை எல்லோரும் பார்ப்பார்கள். நீ முதலில் பதினாறைப் பார்" என்றார்.

அவர் சொன்னதன் கணக்கு இது. கனடாவில் 60ஆம் அகலக்கோட்டுக்குத் தெற்கே ஒரு சாரதி 13 மணித்தியாலம் வரை ஓட்டலாம். ஓட்டுதல், வண்டியைப் பரிசோதித்தல், சரக்கு ஏற்றுதல், அதற்காகக் காத்திருத்தல் எல்லாம் சேர்ந்த வேலை நேரம் 14ஐத் தாண்டிவிட்டால் அதன் பிறகு ஓட்டக்கூடாது. இவற்றுக்கு மேல் மூன்றாவது எல்லை ஒன்று உண்டு. எட்டு மணித்தியாலத் தொடர் ஓய்வு முடிந்து வேலையைத் தொடங்கிய கணத்திலிருந்து 16 மணித்தியாலம் கடந்ததும் அன்றைய ஓட்டம் முடிந்தது. சாப்பிட நிறுத்தினாலும் இந்தக் கடிகாரம் நிற்காது. ஒரு நாளில் மொத்தம் 10 மணித்தியால ஓய்வு வேண்டும். அதில் எட்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். மீதி இரண்டைப் பகலில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாத துண்டுகளாக எடுத்துக்கொள்ளலாம். 2007இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இவை.

அன்று காலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். வண்டியைப் பரிசோதித்து, இழுவைப் பெட்டியைப் பூட்டி, 7.40க்கு பிரம்ரனில் உள்ள ஒரு கிடங்கின் வாயிலுக்குப் போய்விட்டேன். எட்டு மணிக்கு ஏற்ற வேண்டிய வினிபெக் சரக்கு. உள்ளே ஆட்கள் குறைவு என்றார்கள். அந்த வாசலுக்குப் போ, இல்லை இந்த வாசலுக்கு வா என்று இரண்டு முறை வண்டியை இடம் மாற்றவைத்தார்கள். மூடிய கதவொன்றைப் பார்த்தபடி, எப்போது பச்சை விளக்கு எரியும் என்று ஸ்டீயரிங்கின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வெளியேறும்போது மணி 12.30. ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் அங்கேயே போய்விட்டது. எனக்கோ மைல் கணக்கில்தான் சம்பளம். அந்த ஐந்து மணித்தியாலத்துக்கும் ஒரு சதம்கூட இல்லை.

பாரி சவுண்டில் 45 நிமிடம், சட்பரியில் அரை மணித்தியாலம் ஓய்வெடுத்தேன். சட்பரிக்குப் பிறகு பனி கொட்டத் தொடங்கியதால் வேகத்தைக் குறைத்தேன். எட்டே காலுக்கு டிஸ்பாச்சர் கருவிக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். கிடங்கில் காத்திருந்த நேரத்தில் நான்கு மணித்தியாலத்தை 'ஓய்வு' என்று மாற்றும் திருத்தம் அது. நான் 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

வண்டியை ஓரமாக நிறுத்தி அண்ணாவை அழைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த நான்கு மணித்தியாலமும் வண்டியை விட்டுவிட்டு நீ விரும்பிய இடத்துக்குப் போயிருக்க முடியுமா?" முடியாது. கூப்பிட்டதும் வண்டியை நகர்த்த வேண்டியவன் நான். "அப்படியானால் அது வேலை" என்றார். நிறுவனம் திருத்தத்தை முன்மொழியலாம், ஏற்பதும் மறுப்பதும் சாரதியின் கையில்தான் என்பதையும் நினைவூட்டினார். மறுத்தேன். ஏற்றிருந்தாலும் பதினாறின் எல்லை இரவு பத்து மணிதான். அந்தப் பனியில் பத்துக்குள் சூ செயின்ட் மேரியை எட்டியிருக்கவும் முடியாது.

ஒன்பது மணிக்கு வந்த அழைப்பில் டிஸ்பாச்சர் குரலை உயர்த்தினார். எனக்குக் கை நடுங்கியது. புதிதாய்ச் சேர்ந்தவன், வேலை போய்விடுமோ என்ற பயம். ஆனாலும் காலை ஐந்தரைக்கு எழுந்த என் கண்கள் அப்போது எரிந்துகொண்டிருந்தன. விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு: ஓட்டுவது ஆபத்தாகும் அளவுக்குக் களைத்திருக்கும் சாரதி, நேரம் மீதமிருந்தாலும் ஓட்டக்கூடாது. அந்த நிலையில் நிறுவனமும் அவரை ஓட்டச் சொல்லக்கூடாது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

காலை ஏழு மணி வரை முழுதாகப் பத்து மணித்தியாலம் ஓய்வெடுத்தேன்.

மறுநாள் வழியில் இருந்த பரிசோதனை நிலையத்தில் உள்ளே வரச் சொன்னார்கள். அன்றைய பதிவையும் அதற்கு முந்தைய 14 நாள் பதிவுகளையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார் அதிகாரி. சரக்குப் பத்திரத்தையும் எரிபொருள் ரசீதுகளையும் கேட்டார். கிடங்கின் வாயிலில் தந்த துண்டுச்சீட்டும் அவற்றோடு போயிற்று. உள்ளே வந்தது 7.40, வெளியே போனது 12.30 என்று அதில் அச்சாகியிருந்தது. அவர் அதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். "இவ்வளவு நேரமும் எங்கே இருந்தாய்?" என்று கேட்டார். இருக்கையில்தான் இருந்தேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போகச் சொன்னார். பொய்ப் பதிவு பிடிபட்டால் 72 மணித்தியாலம் ஓட்டத் தடை விழும் என்பது எனக்குத் தெரியும். வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகும் சில நிமிடங்கள் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரக்கு தாமதமாகவே வினிபெக் போய்ச் சேர்ந்தது. இறக்குமிடத்தில் வேறொரு நேரம் ஒதுக்கித் தந்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்குள் போகும் நாட்களில் வேறு கணக்கு. வின்ட்சரில் பாலத்தைக் கடந்ததும் கருவியை அந்நாட்டு விதிக்கு மாற்ற வேண்டும். அங்கே 10 மணித்தியாலத் தொடர் ஓய்வுக்குப் பிறகு 11 மணித்தியால ஓட்டம். அதையும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். எட்டு மணித்தியாலம் ஓட்டியதும் அரை மணித்தியாலம் ஓட்டாமல் இருந்தாக வேண்டும்.

புதிதாக வரும் தம்பிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த எண்களைத்தான். நான் அந்தத் துண்டுச்சீட்டைப் பற்றியே முதலில் சொல்கிறேன். வாயிலில் சீட்டுத் தராத இடங்களில், போய்ச் சேர்ந்ததும் நிறுவனத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், வெளியேறும்போது இன்னொன்று. நான் ஒவ்வொரு காத்திருப்பையும் இப்படி எழுத்தில் அனுப்பிவந்தேன். ஆறு மாதம் கழித்து, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தால் மணிக்கணக்கில் சம்பளம் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. காத்திருப்புக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகு, அந்தக் கிடங்கின் நேர ஒதுக்கீடுகளையும் அவர்களே பேசி மாற்றினார்கள். இப்போது எனக்கு அங்கே பதினொரு மணிக்குத்தான் நேரம். காலை பத்து மணி வரை கடிகாரத்தைத் தொடங்குவதில்லை.