அசனப் பந்திக்கு வெளியே

எங்கள் கிறிஸ்தவச் சபையின் சேகரத்தில் ஆண்டுதோறும் பண்டிகை முடிந்த மறுநாள் அசனம் என்னும் பொது விருந்து நடக்கும். முந்தின இரவே ஆலய வளாகத்தில் அடுப்பு கூட்டி, வார்ப்புகளை ஏற்றி, ஆண்கள் ஆட்டுக்கறி வெட்டவும் பெண்கள் உள்ளி உரிக்கவும் உட்காருவார்கள். மறுநாள் நண்பகலில் டாக்டரும் ரப்பர் பால் வெட்டுகிறவரும் ஒரே பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம். இருபத்தேழு வயது வரை அந்தப் பந்தியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது உட்காருவதில்லை. மதத்தை விட்ட பிறகு எதை இழந்தாய் என்று யாராவது கேட்டால், கடவுளைவிட முதலில் எனக்கு நினைவில் வருவது அந்தப் பந்திதான்.

விட்ட கதை பெரிதல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது பாதியில் வாய் நின்றது. அடுத்த வாரமும் நின்றது. மூன்றாம் வாரம் நான் போகவில்லை. அதற்குப் பின்னால் பல ஆண்டுப் படிப்பும் யோசனையும் இருந்தன என்றாலும், அவற்றை இங்கே விவரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. பின்னால் வந்த தனிமைதான் எழுதத் தகுந்தது.

களியக்காவிளைக்குச் சற்று இப்பால், குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே சபை என்பது வெறும் நம்பிக்கை சார்ந்த விஷயமல்ல. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது, 1838இல் நெய்யூரில் மிஷன் மருத்துவமனை தொடங்கியது, மார்பை மறைக்கும் உரிமைக்காக எங்கள் பாட்டிமாரின் பாட்டிமார் அடியும் அவமானமும் பட்டு, கடைசியில் 1859இல் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் வெளியிட்டது என இவையெல்லாம் எங்கள் வீடுகளில் குடும்பக் கதைகளைப் போலச் சொல்லப்படுகின்றன. அந்தப் போராட்டத்தில் அய்யா வைகுண்டரின் பங்கையும் மறக்கக்கூடாது என்றாலும், எங்கள் வீட்டில் நன்றி முழுவதும் சபைக்கே போகும். ஆகவே நான் போகாமல் நின்றபோது என் பெரியப்பா என்னை நாத்திகி என்று திட்டவில்லை. "உடுக்கத் துணியும் படிக்கப் பள்ளியும் தந்தவங்கள விட்டுட்டுப் போறியே, நன்றி இல்லாதவளே" என்றார். கடவுள் உண்டா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இன்றுவரை முழுமையான பதில் இல்லை.

மறுபக்கமும் எளிதாக இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு. இப்படிச் சமமாக நிற்கும் இடத்தில் ஒரு ஆள் கூடினாலும் குறைந்தாலும் எண்ணிப் பார்க்கப்படும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட இந்து - கிறிஸ்தவக் கலவரத்தை என் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. நான் ஆலயத்துக்குப் போவதில்லை என்று தெரிந்த நாளில், அதுவரை என்னிடம் பேசியே இராத ஒரு கடைக்காரர் சிரித்த முகத்துடன், "நம்ம பக்கம் வந்தாச்சு போல" என்றார். நான் எந்தப் பக்கமும் வரவில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. சபையில் எனக்கிருந்த குறைகளை வெளியே சொன்னால் அவர் கையில் கல்லெடுத்துக் கொடுத்ததாகிவிடுமே என்ற அச்சத்தில், பல ஆண்டுகள் யாரிடமும் எதையும் பேசாமல் முந்திரி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன்.

ஆட்களைத் தேடத்தான் செய்தேன். நாகர்கோவிலில் சில பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போனேன். பெரியாரின் எழுத்து எனக்குத் துணிச்சல் தந்தது உண்மை. ஆனால் அந்த மேடைகளில் பேசப்பட்டதில் பெரும்பகுதி புராணங்களையும் புரோகிதத்தையும் பற்றியது. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்த ஒருத்திக்கு அங்கே கைதட்ட இடமிருந்தது, அழ இடமில்லை. பிறகு எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் யுக்திவாதிகளின், அதாவது மலையாளப் பகுத்தறிவாளர்களின், கூட்டமொன்றுக்குக் கேரள அரசுப் பேருந்தில் போனேன். 1929இல் 'யுக்திவாதி' இதழைத் தொடங்கியவர்களின் மரபு அது. பாதிரியாரின் மகனாகத் திருவல்லாவில் பிறந்த பகுத்தறிவாளர் ஆப்ரகாம் கோவூரைப் பற்றி ஒருவர் பேசியபோது, வீட்டுக்குள்ளிருந்தே வெளியேறிய இன்னொருவரைப் பற்றிக் கேட்ட ஆறுதலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்றபடி வரவேற்புரை, தலைமையுரை, முடிவே இல்லாத நன்றியுரை என்று அது எங்கள் சபைக் கமிட்டியின் ஆண்டுக்கூட்டத்தையே நினைவூட்டியது. பரிணாமம் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று சோதிக்க ஒரு பெரியவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் சடங்குக்கு முன் எங்கள் போதகர் கேட்டதும் ஏறக்குறைய அதே தொனியில்தான்.

கலைந்து போகும்போது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் அருகில் வந்து, "ஊண் கழிச்சோ மோளே?" என்று கேட்டார், சாப்பிட்டாயா மகளே என்று. அந்த அரங்கில் அன்று எனக்காகவே கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான். டீச்சர் மூலமாக இன்னும் இருவர், அவர்கள் மூலமாக மேலும் சிலர் எனக்குக் கிடைத்தார்கள். பாறசாலைக்கும் குழித்துறைக்கும் இடையில் யாராவது ஒருவர் வீட்டில், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். பெயர் வைக்கவில்லை, தலைவர் இல்லை. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் கட்டாயம் உண்டு. 1917இல் கேரளத்தின் செறாயியில் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் சாதி கடந்து எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிட வைத்ததற்காகத் தன் சொந்தச் சமூகத்தாராலேயே விலக்கப்பட்டார் என்று டீச்சர் சொன்னபோது, அசனத்தை இழந்த நான் எதைத் தேடி அலைந்தேன் என்பது எனக்கே விளங்கியது.

எங்களில் ஒருவர் இஸ்லாமியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. இன்னொருவர் ஒரு போதகரின் மகன். நம்பிக்கை போய்ப் பல ஆண்டுகளாகியும் ஞாயிறுதோறும் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறார். இது வேஷமில்லையா என்று எங்களுக்குள் ஒருமுறை காரசாரமாக விவாதம் நடந்தது. நான் அவர் பக்கம் நின்றேன், ஏனெனில் கணக்குப் புத்தகத்தின் முன் உட்காரும்போது என் வாயும் தன்னையறியாமல் கீர்த்தனை முணுமுணுக்கிறது. ஆனால் மற்றொருவர் தன் மகளுக்குச் சொந்தச் சாதியிலேயே வரன் தேடியபோது என்னால் அப்படி விட்டுக்கொடுக்க முடியவில்லை. மதத்தை விடுவதைவிடச் சாதியை விடுவது கடினம் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். இரண்டு மாதம் நாங்கள் கூடவில்லை. பிறகு கூடினோம், அவர் வரவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் அப்பா இறந்தார். அடக்கம் சபை முறைப்படிதான் நடந்தது. அது அவருடைய நம்பிக்கை, அதில் எனக்குத் தடை சொல்ல ஒன்றுமில்லை. ஜெபம் நடந்த நேரமெல்லாம் டீச்சரும் மற்றவர்களும் ரப்பர் மரநிழலில் அமைதியாக நின்றார்கள். பிறகு நாற்காலி எடுத்துப் போட்டார்கள், கட்டன் சாயா போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், இரவு அம்மாவோடு இருந்தார்கள். இவர்களெல்லாம் யார் என்று பெரியப்பா கேட்டதற்கு அம்மா சற்று யோசித்து, "அவளுக்க சபைக்காரங்க" என்றார். நான் திருத்தவில்லை.

அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு என் உடலைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். சபைக் கல்லறைத் தோட்டத்தில் எனக்கு இடமில்லை, நான் கேட்கவும் மாட்டேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுக்கலாம் என்றால், எழுதி வைத்தாலும் அதை ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். கேரளத்தின் மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் எம். எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தபோது, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதை எதிர்த்து, கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று அவருடைய மகள் ஒருவரே உயர் நீதிமன்றம் போனார். உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது 2025 ஜனவரியில்தான். அத்தனை பெரிய மனிதருக்கே அப்படி என்றால் முந்திரி ஆலைக் கணக்கப்பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று எங்கள் ஞாயிறு கூட்டத்தில் நிறையப் பேசினோம். நண்பர்கள் எத்தனை பேர் இருந்தாலும் உறவினர் கையெழுத்துக்கு ஈடாகாது என்பதுதான் தெரிந்தது. உடல்தானப் படிவத்தைத் தம்பியிடம் கொடுத்து ஓராண்டாகிறது.

அவன் சபையில் இருக்கிறான், கமிட்டியிலும் இருக்கிறான். ஒவ்வோர் ஆண்டும் அசனத்தன்று பந்தி முடிந்ததும் தூக்குவாளியில் எனக்குச் சோறும் கறியும் கொண்டுவருவான். இந்த ஆண்டும் கொண்டுவந்தான். படிவம் என்னாயிற்று என்று கேட்டேன். வாளியின் மூடியைத் திறந்து என் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, "மொதல்ல சாப்பிடுக்கா, ஆறிப்போவும்" என்றான்.