மாங்கனி கண்காட்சியில் ருசி பார்க்க ஒரு மேசை

கிருஷ்ணகிரி அகில இந்திய மாங்கனி கண்காட்சிக்குப் போய் வந்தவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, பானிபூரி என்று வரிசையாகச் சொல்வார்கள். மாம்பழம் அதில் வராது. பழங்கள் எல்லாம் தட்டுத் தட்டாக அடுக்கி, பெயர்ச்சீட்டு வைத்து, யாரும் தொடாதபடி இருக்கும். மல்கோவா, இமாம் பசந்த், பங்கனப்பள்ளி, செந்தூரா, பீத்தர், காதர், நீலம் என்று அத்தனை ரகத்தையும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைப்பது பெரிய விஷயம்தான், நானே ஒவ்வொரு வருடமும் முதல் வேலையாக அதைத்தான் போய்ப் பார்ப்பேன், ஆனால் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். ருசி பார்க்க என்று தனியாக ஒரு மேசை இருந்து நான் பார்த்ததில்லை.

நான் ஒரு ஜூஸ் ஃபேக்டரியில், தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கண்காட்சி நடக்கும் ஜூன், ஜூலைதான் எங்களுக்கும் உச்சக்கட்ட சீசன். கேட்டுக்கு வெளியே இரவெல்லாம் டிராக்டரும் மினி லாரியும் வரிசையில் நிற்கும், உள்ளே மூன்று ஷிஃப்டும் ஓடும், அந்த நேரத்தில்தான் நிர்வாகம் எங்களில் சிலரை மாலையில் கண்காட்சி ஸ்டாலுக்கு அனுப்பும். முதலில் அலுப்பாகத்தான் இருந்தது. இப்போது நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறேன், காரணம் அங்கே நாங்கள் கொடுக்கும் ஒரு சின்ன பேப்பர் கப்.

அதில் இருப்பது சர்க்கரை சேர்க்காத, தண்ணீர் கலக்காத, வெறும் பெங்களூரா மாம்பழக் கூழ். வெளியூர்க்காரர்கள் தோத்தாபுரி என்றோ கிளிமூக்கு என்றோ சொல்லும் அதே பழம்தான். இந்த மாவட்டத்தின் மாந்தோப்புகளில் பெரும்பங்கு இதுதான், ஆனால் கண்காட்சித் தட்டுகளுக்கு முன்னால் நிற்கிற கூட்டம் இதைத் திரும்பிப் பார்க்காது. அல்போன்சா அளவுக்கு மணம் கிடையாது, மல்கோவா மாதிரி உருவத்தில் அசத்தாது. ஆனால் வருடம் தவறாமல் காய்க்கும், தோல் தடிமனாக இருப்பதால் வண்டியில் அடிபடாது, கொட்டை தட்டையாக இருப்பதால் சதை நிறைய வரும். காயாக வாங்கி, எத்திலீன் வாயு விட்டுப் பழுக்க வைத்து, கழுவி, கொட்டை நீக்கி, அரைத்துச் சலித்து, சூடாக்கி ஆறவைத்து, கிருமி நீக்கிய பைகளில் நிரப்பி, பையை டிரம்மில் அடைத்தால் ஒரு டிரம் சுமார் 215 கிலோ. பழத்தின் எடையில் ஏறத்தாழ பாதிதான் கூழாக நிற்கும். சவுதி அரேபியா, நெதர்லாந்து என்று இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் கூழில் இந்த ரகம் நிறையவே உண்டு, நம் பெட்டிக்கடை ஃபிரிட்ஜில் இருக்கும் மஞ்சள் பாட்டில்களில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

கப்பை வாங்கிக் குடித்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல சக்கரை எவ்ளோ போட்டிருக்கீங்க மேடம்?" போடவே இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். அப்போது பிரிக்ஸ், அதாவது பழத்திலேயே கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவைப் பார்க்கும் கருவியை எடுப்பேன். ஒரு சொட்டு கூழைக் கண்ணாடியில் தேய்த்து, மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் மேலே நீலமும் கீழே வெள்ளையும் தெரியும், இரண்டும் சேரும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ். பெங்களூராவுக்கு 14க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்போன்சா 16ஐத் தாண்டும். அப்புறம் ஒரு தகவலும் சொல்வேன், பழபானம் என்று விற்கும் பாட்டிலில் சட்டப்படி 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும், மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான். அதைக் கேட்ட பிறகு கப்பை இன்னொரு தடவை நீட்டாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆய்வகத்தில் முன்பு ஒருவர் இருந்தார், நாசிக் பக்கம் ஒயின் ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கேயும் இதே பிரிக்ஸ் கருவிதான், திராட்சைக்கு. அங்கே 2008இல் தொடங்கிய சூலா ஃபெஸ்ட் என்ற ஒயின் விழா பற்றி நிறையச் சொல்வார். திராட்சைத் தோட்டத்தை ஒட்டியே நடக்கும், கொஞ்சமாக ஊற்றிக் கொடுப்பார்கள், கொடுக்கிறவர் எந்தத் திராட்சை, எப்படிப்பட்ட மண் என்று சொல்லிக்கொண்டே கொடுப்பார் என்பார். மதுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நம் ஊரில் அப்படி ஒரு விழா வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் அந்த ஊற்றிக் கொடுக்கும் முறை, விளைந்த இடத்தைச் சொல்லிக் கொடுப்பது, அது நம் மாம்பழத்துக்கு ஏன் கூடாது? போச்சம்பள்ளிப் பழத்துக்கும் வேப்பனப்பள்ளிப் பழத்துக்கும் இனிப்பிலும் புளிப்பிலும் வித்தியாசம் இருப்பதை நான் ஆய்வகத்தில் தினமும் பார்க்கிறேன். சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரியவே வழியில்லை.

2025 சீசனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெங்களூரா விலை படுத்துப்போன வருடம் அது. பழைய கூழ் ஸ்டாக் தீராமல் கிடந்தது, ஆர்டர் மந்தம், தோப்பில் கிலோ 4, 5 ரூபாய்க்குக் கேட்டார்கள், பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று சிலர் மரத்திலேயே விட்டுவிட்டார்கள். பக்கத்தில் ஆந்திராவில் அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்து, 8 ரூபாய் ஆலை, 4 ரூபாய் அரசு என்று பிரித்துக் கொடுத்தது, இங்கே எல்லோருடைய பேச்சும் அதைப் பற்றித்தான். அந்த வருடம் ஒரு மாலை பர்கூர் பக்கத்து விவசாயி ஒருவர் குடும்பத்தோடு ஸ்டாலுக்கு வந்தார். கப்பை வாங்கி மெதுவாகக் குடித்தார். "இது என்ன ரகம்மா?" என்றார். பெங்களூராதான் ஐயா என்றேன். நம்பவில்லை, டிரம்மில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்துக் காட்டச் சொன்னார். "நாப்பது வருஷமா அறுக்கறேன், காயாவே லோடு ஏத்தி அனுப்பிடறோம். இப்படி இனிக்கும்னு நான் நெனச்சதே இல்லம்மா." அப்புறம் மனைவியைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு கப் வாங்கிக் கொடுத்துவிட்டு, "இதுக்கா அஞ்சு ரூபா?" என்று கேட்டார். விலை வைக்கிற இடத்தில் நான் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது, அதை எங்கள் மேலாளரிடம் அப்படியே போய்ச் சொன்னேன். அவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தன் பழத்தின் ருசியை வாழ்நாள் முழுக்க விளைவிக்கிறவரே அறியாமல் இருப்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. சாப்பிடுகிற ஊருக்கு அந்தப் பழத்தின் பெயர் தெரிந்து, கடையில் கேட்டு வாங்கினால், ஆலைக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற நிலைமை கொஞ்சமாவது மாறும் என்று நம்புகிறேன்.

அதனால் அடுத்த கண்காட்சிக்கு ஒரு மேசை கேட்டு எழுதிக் கொடுக்கப் போகிறோம். பழுத்த பழத்தை அங்கேயே நறுக்கிக் கொடுக்க வேண்டும், கொடுப்பது விளைவித்தவராகவே இருக்க வேண்டும். கார்பைடு கல் வைத்த பழம் மேசைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கமிருந்து சில விவசாயிகள் வந்து நிற்பதாகச் சொல்லிவிட்டார்கள். பிரிக்ஸ் கருவியை நான் கொண்டு வருகிறேன். தேதி மட்டும் யோசித்து வைக்க வேண்டும், அல்போன்சா முடிவதற்குள்ளும் பெங்களூரா பழுக்கத் தொடங்கிய பிறகும் என்று பார்த்து வைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுக்கலாம்.