விலக்கு கிடைத்த பின்னும் வாசலுக்குள் 14 நாள்

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. கொரோனா காலம். சிங்கப்பூரில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது தம்பி அழைத்தான். "அக்கா, அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறோம். இதயம் மிகவும் பலவீனமாக இருக்கிறதாம். எப்படியாவது வந்துவிடு" என்றான்.

இந்தியத் தூதரகத்தில் முன்பே பெயர் பதிந்து வைத்திருந்தேன். கொரோனாவால் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர இந்திய அரசு நடத்திய வந்தே பாரத் திட்டத்தில் வெள்ளிக்கிழமை மாலை திருச்சிக்குப் புறப்படும் விமானத்தில் இடம் கிடைத்தது. டிக்கெட் கிடைத்தால் போதும் என்றுதான் அந்த நிமிடம் வரை நினைத்திருந்தேன்.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் அப்போதைய விதிப்படி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும். முதல் 7 நாள் அரசு சொல்லும் இடத்தில், சொந்தச் செலவில். அடுத்த 7 நாள் வீட்டில். ஆகஸ்ட் 8 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதியிலேயே விலக்கும் இருந்தது. கர்ப்பிணிகள், குடும்பத்தில் மரணம் நேர்ந்தவர்கள், கடுமையான நோயைக் காரணம் காட்டுகிறவர்கள், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு வரும் பெற்றோர் ஆகியோர் 14 நாளையும் வீட்டிலேயே கழிக்கலாம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தவர்களும் விலக்குக் கேட்கலாம். இறங்குவது திருச்சியானாலும் விண்ணப்பம் டெல்லி விமான நிலையத்தின் இணையதளத்தில், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கான ஏர் சுவிதா என்ற பக்கத்தில்தான். விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்னால் கொடுத்துவிட வேண்டும். எனக்குச் செவ்வாய் மாலை வரைதான் நேரம் இருந்தது.

இரவோடு இரவாகத் தம்பி மருத்துவரின் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினான். அதில் அப்பாவின் பெயர் நம் வழக்கப்படி முன்னெழுத்தோடு இருந்தது. என் பாஸ்போர்ட்டில் அதே பெயர் முன்னெழுத்து விரிக்கப்பட்டு இரண்டு சொற்களாக அச்சாகியிருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று டெல்லியில் உட்கார்ந்து படிப்பவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலை தம்பி மருத்துவமனைக்குப் போய், பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி, மருத்துவரின் பதிவு எண்ணும் முத்திரையும் இட்ட புதிய கடிதம் வாங்கி வந்தான். நம் ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்தைத்தான் சுமக்கிறோம். எந்த நாட்டுப் படிவமும் அதைப் புரிந்துகொள்வதில்லை.

படிவத்தின் உறுதிமொழியை இரண்டு முறை படித்தேன். கொடுக்கும் தகவல் பொய்யானால் குற்ற நடவடிக்கை உண்டு. வெறும் மிரட்டலா என்று அறிய அன்றே சட்டப் பிரிவுகளைத் தேடிப் படித்தேன். 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டத்தின்படி பிறப்பிக்கும் உத்தரவை மீறினால், இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ஆவது பிரிவு பாயும்; மற்றவர் உயிருக்கு ஆபத்து என்றால் 6 மாதம் வரை சிறை. தனிமைப்படுத்தல் விதியை மீறுவதற்கென்றே 271-ஆவது பிரிவு இருந்தது. அதற்கும் 6 மாதம் வரை. கவனக்குறைவால் நோய் பரப்பக்கூடிய செயலுக்கு 269, தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு செய்தால் 270; பின்னதற்கு 2 ஆண்டு வரை. இவை போக 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 51-ஆவது பிரிவில் ஓராண்டு வரை, அந்த மீறலால் உயிரிழப்பு நேர்ந்தால் 2 ஆண்டு வரை. 2024 ஜூலை முதல் தண்டனைச் சட்டமே பாரதிய நியாய சன்ஹிதா ஆகிவிட்டதால் பிரிவு எண்கள் இப்போது வேறு. தொற்றுநோய்கள் சட்டமும் பேரிடர்ச் சட்டமும் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன.

புதன் இரவு விலக்குக்கு ஒப்புதல் வந்தது. காரணம்: தந்தையின் கடுமையான நோய்.

வியாழன் விடியற்காலை அப்பா போய்விட்டார்.

அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். கைப்பேசித் திரையில் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். ஆனால் அழுகையின் நடுவே ஒரு கேள்வி வந்து நின்றது. என் கையில் இருக்கும் ஒப்புதல், உயிரோடு இருக்கும் ஒருவரைப் பார்க்க வருவதற்கானது. அவர் இப்போது இல்லை. மரணம் என்ற காரணத்தைக் காட்டிப் புதிதாக விண்ணப்பிக்க 72 மணி நேரம் வேண்டும். விமானத்துக்கு 36 மணி நேரம்தான் இருந்தது. மரணத்துக்கு விலக்கு என்று எழுதியவர்கள் அதற்கு மூன்று நாள் முன்னறிவிப்பும் கேட்டார்கள். சாவு சொல்லிக்கொண்டா வருகிறது? அந்த ஒரு வரியை எழுதும்போது, வெளிநாட்டில் பெற்ற பிள்ளை இருக்கும் ஒரு வீட்டையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

உடன் வேலை செய்யும் தோழி, "எதுவும் சொல்லாதே, யார் விசாரிக்கப் போகிறார்கள்?" என்றாள். என் நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒப்புதல் வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக நடந்ததை எழுதி, மருத்துவமனை கொடுத்த இறப்புக் குறிப்பையும் இணைத்து அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. அதையே வெள்ளைத் தாளில் கையால் எழுதிக் கையெழுத்திட்டு, ஒப்புதலோடும் தமிழக அரசின் பயண அனுமதியான இ-பாஸோடும் ஒரே உறையில் வைத்துக்கொண்டேன். செப்டம்பர் முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவையில்லை. வெளி மாநிலங்களிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்களுக்குத் தேவைப்பட்டது.

திருச்சியில் இறங்கியபோது நள்ளிரவு நெருங்கியிருந்தது. சுகாதார மேசையில் முகக்கவசத்துக்கு மேல் கண்ணாடிக் கவசமும் அணிந்த ஓர் அம்மா இருந்தார். உறையை அப்படியே நீட்டினேன். கையால் எழுதியதைத்தான் முதலில் படித்தார். பிறகு என் படிவத்தில், நோய் என்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நீல மையால் 'தந்தை 15-ஆம் தேதி காலமானார்' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். "நேரே வீட்டுக்குப் போங்கம்மா. 30-ஆம் தேதி முடிய வாசலைத் தாண்டக் கூடாது. காரியத்துக்கும்தான்" என்றார். மூக்கில் மாதிரி எடுத்தார்கள். இடது புறங்கையில் மை முத்திரை குத்தினார்கள்.

விலக்கு என்றால் விதியிலிருந்து விடுதலை என்று பலரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இடம் மட்டும்தான் மாறியது. விடுதிக்குப் பதில் வீடு. நாள் கணக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. எங்கள் வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். பின்கட்டு அறையில் நான், நடுக்கூடத்தில் அம்மா. சாப்பாட்டுத் தட்டை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு அம்மா பத்தடி தள்ளி உட்கார்ந்துகொள்வார். தாலி இல்லாத கழுத்தோடு அவரை முதலில் பார்த்தது அந்தப் பத்தடி தூரத்திலிருந்துதான். எழுந்து போய்க் கட்டிக்கொள்ள முடியவில்லை.

கருமாதி 16-ஆம் நாள். எண்ணிப் பார்த்தால் அக்டோபர் 30, என் தனிமையின் கடைசி நாள். பரிசோதனை முடிவில் தொற்று இல்லை என்று முன்பே வந்திருந்தது. உறவினர்கள் வாசலில் நின்று அழைத்தார்கள். "ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன? ஐந்நூறு ரூபாய் அபராதம்தானே, நான் கட்டுகிறேன் வா" என்றார் பெரியப்பா. தனிமைப்படுத்தலை மீறினால் 500 ரூபாய், முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய் என்று தமிழக அரசு செப்டம்பரில்தான் அறிவித்திருந்தது. அந்த 500 ரூபாயைக் கட்டினால் மீறியதற்கு விலை கொடுத்தாயிற்று என்று ஊர் புரிந்துகொண்டது. அதற்குப் பின்னால் நிற்கும் 271-ஐ யாரும் பார்க்கவில்லை. எனக்கோ சிறையைவிட அந்த நீல மை எழுத்துதான் கண்ணில் நின்றது. என் வார்த்தையை நம்பி ஒருவர் கையொப்பமிட்டிருக்கிறார். ஆற்றங்கரையில் கூடியவர்களில் பாதிப்பேர் எழுபதைக் கடந்தவர்கள். "மன்னித்துவிடுங்கள் பெரியப்பா, நாளைக்கு வருகிறேன்" என்றேன். கோபித்துக்கொண்டுதான் போனார்.

நவம்பர் 5-இல் வந்த திருத்தத்தில் 96 மணி நேரம் 72 ஆனது. 2021 பிப்ரவரியில் பரிசோதனை எல்லோருக்கும் கட்டாயமாகி, சான்றிதழ் இல்லாமல் வர மரணம் ஒன்றுக்கு மட்டுமே விலக்கு என்று சுருங்கியது. அதற்கும் 72 மணி நேர நிபந்தனை அப்படியே இருந்தது. 2022 நவம்பரில் ஏர் சுவிதாவே நிறுத்தப்பட்டது. அந்தப் பயணம் முடிந்து நான் சிங்கப்பூருக்குத் திரும்புகையில் நுழைவு அனுமதியை நிறுவனம் வாங்கித் தந்தது. அங்கும் 14 நாள், ஒதுக்கிய விடுதியில். அங்கே மீறியிருந்தால் 10,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே வேலை அனுமதியும் போயிருக்கும்.

31-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு நானும் தம்பியும் ஆற்றங்கரைக்கு நடந்தோம். முந்தின நாள் வைத்த பூவும் எள்ளும் படித்துறை ஓரத்தில் ஈரமாகக் கிடந்தன. புறங்கை முத்திரை வெளிறிப்போய் விளிம்பு மட்டும் தெரிந்தது. தம்பி என் கையில் கொஞ்சம் எள்ளை வைத்தான். தண்ணீரில் இறங்கினேன்.