லீட்ஸ் ஜெரேனியத்துக்குத் திருமங்கலத்துக் கவாத்து

சின்னவள் லீட்ஸில் இருக்கிறாள். வீட்டுக் கொல்லையில் ரோஜாவுக்கு அடியில் நீலமாகப் பூத்துக் கிடப்பது ஜெரேனியம் பிரட்டென்ஸ். நம் நர்சரியில் ஜெரேனியம் என்று விற்கிற சிவப்புப் பூ உண்மையில் பெலார்கோனியம், தென்னாப்பிரிக்கச் சரக்கு. 1789-இலேயே இரண்டையும் வேறுவேறு பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். நர்சரிக்காரர்களுக்குத்தான் இன்னும் தகவல் வந்து சேரவில்லை. பூவைப் பார்த்தாலே தெரியும். பெலார்கோனியத்தில் மேல் இரண்டு இதழும் கீழ் மூன்றும் வேறு சாடை. ஜெரேனியத்தில் ஐந்தும் ஒரே அச்சு.

ஜூலையில் வீடியோ காலில் காட்டினாள். பூத்து ஓய்ந்து, தண்டெல்லாம் சாய்ந்து, இலை பழுத்துக் கிடந்தது. "செத்துருச்சாம்மா?"

"தரையோடு வெட்டுடி, நல்லா தண்ணி ஊத்து."

திருமங்கலம் பக்கம் மல்லித் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். நவம்பர் கடைசியில் அப்பா தண்ணீரை நிறுத்திவிட்டு, முழங்கால் உயரம் விட்டு மொத்தத்தையும் கழித்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். மார்ச்சில் அரும்பு கட்டும்.

ஒரு தண்டை மட்டும் காயோடு விடச் சொன்னேன். கொக்கின் அலகு மாதிரி நீண்ட காய். காய்ந்ததும் அடியிலிருந்து ஐந்து பட்டைகள் வெடுக்கென்று மேலே சுருண்டு, விதையைத் தூர எறியும். காசித்தும்பைக் காயைக் கிள்ளி விளையாடியவர்களுக்கு இது பிடிக்கும்.

பக்கத்து வீட்டு மதினி, "நமக்கு ஒண்ணு வரவழைக்கலாமா?" என்கிறார். மதுரையில் நிற்காது மதினி. குளிரில் மேல்பாகம் பட்டுப்போய், வேர் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கிற செடி அது. மல்லியை நாம் கத்தரி வைத்துத் தூங்கவைக்கிறோம். இதற்குக் குளிர்தான் தாலாட்ட வேண்டும். நம் மார்கழி விடியலே 20 டிகிரிப் பக்கம். ஆசையாக இருந்தால் பழனி மலைப் பக்கம் போகும்போது புல்லுக்குள் குனிந்து பாருங்கள். ஜெரேனியம் நேபாலென்ஸ் காட்டுச்செடியாகவே கிடக்கும், பூ மட்டும் ரொம்பப் பொடிசு.

மகள் பாதியைத்தான் வெட்டினாள், மீதிக்குக் கை வரவில்லையாம். வெட்டின பாதி புது இலை விட்டுவிட்டது. அடுத்து 'ரோசான்' என்ற கலப்பின ஜெரேனியம் வாங்கப் போகிறாளாம். அப்பனும் ஆத்தாளும் இமயமலை இனங்கள். 2013-இல் லண்டன் செல்சீ மலர்க் கண்காட்சி நூற்றாண்டுச் செடியாகத் தேர்ந்தெடுத்தது அதைத்தான். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே வருஷம். ரோசான் விதை வைக்காது, அதனால் ஜூனில் தொடங்கினால் அக்டோபர் வரை பூக்கும். வாங்கட்டும்.