யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்?

செயற்கை நுண்ணறிவு மனிதகுலத்துக்கு வரமா, சாபமா என்ற தலைப்பில் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் இப்போது பேச்சுப்போட்டிகளும் பட்டிமன்றங்களும் நடக்கின்றன. என் பள்ளிப் பருவத்தில் இதே மேடைகளில் தொலைக்காட்சி இப்படி விவாதிக்கப்பட்டது. அதன் பிறகு கைப்பேசி வந்தது, அதற்கும் பிறகு சமூக ஊடகம் வந்தது. மாணவர்கள் நன்றாகப் படித்து வந்து பேசுகிறார்கள், அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் இறுதியில் நடுவர் எழுந்து, எந்தக் கருவியும் தன்னளவில் நல்லதுமல்ல கெட்டதுமல்ல, எல்லாம் பயன்படுத்துகிறவர் கையில்தான் இருக்கிறது என்று தீர்ப்பளிக்கும்போது, அரங்கம் முழுவதும் கைதட்டும்போது, என்னால் அதில் சேர்ந்துகொள்ள முடிவதில்லை. ஏனென்றால் ஒரு தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறவரும் அதன் விளைவைச் சுமக்கிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிற எந்த விவாதமும் பாதி விவாதம்தான்.

நெல்லைச் சீமை புதியதைக் கண்டு மிரள்கிற சீமை அல்ல. தாமிரபரணி மலையிலிருந்து இறங்குகிற வேகத்தைக் கொண்டு பாபநாசத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பஞ்சாலை ஓட்டினார்கள். 1944-இல் அதே ஆற்றிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். மகேந்திரகிரியின் அடிவாரத்தில் இன்றும் ராக்கெட் என்ஜின்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பணகுடியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை காற்றாலைகள் சுழல்கின்றன. ஆகவே இந்த மண்ணில் ஒரு தொழில்நுட்பத்தை எதிர்த்துக் கேள்வி எழுந்தால், அதை அறியாமையின் குரல் என்று ஒதுக்குவதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். கூடங்குளத்தில் அந்த நிதானம் இருக்கவில்லை.

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பரில் இந்தியாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே கையெழுத்தானது. முதலிரண்டு அலகுகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதி 1989-இல் கிடைத்தது. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 1990-களில்தான் வந்தது என்பதால், தலா 1,000 மெகாவாட் திறனுள்ள அந்த இரண்டு அலகுகளும் கருத்துக்கேட்புக் கூட்டம் எதுவும் இல்லாமலே எழுந்தன. கட்டுமானம் தொடங்கியதோ 2002-இல். அனுமதிக்கும் கட்டுமானத்துக்கும் இடையில் பதின்மூன்று ஆண்டுகள் கிடைத்தன; அத்தனை காலத்திலும் பக்கத்துக் கடற்கரை ஊர்களான இடிந்தகரையிலோ கூத்தங்குழியிலோ ஒரு பந்தல் போட்டு, இது என்ன, இதில் என்ன ஆபத்து, அதற்கு என்ன ஏற்பாடு என்று விளக்கக் கடமைப்பட்டவர்கள், சட்டம் கேட்கவில்லை என்பதையே போதுமான காரணமாக எடுத்துக்கொண்டார்கள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஒரு கடற்கரை மக்களின் நம்பிக்கையைப் பெற அது போதவில்லை.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்தது. 2004-இல் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ணால் கண்ட மக்கள் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த 2011-இலேயே இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன்னால் உண்ணாவிரதங்கள் தொடங்கின. அன்று அங்கே கேட்கப்பட்ட கேள்விகளை இன்று எண்ணிப் பார்க்கிறேன். எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள்? விபத்து என்றால் எங்கள் ஊருக்கு வண்டி வருமா, எந்தச் சாலை வழியாக வரும்? உலையிலிருந்து வெளியேறும் வெந்நீர் கடலில் கலந்தால் மீன்பாடு என்ன ஆகும்? இவற்றில் எதுவும் அணு இயற்பியல் படித்தால்தான் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. எல்லாமே வீட்டை நடத்துகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் கேட்டாக வேண்டிய கேள்விகள். 

பதில்களாக வந்தவற்றையும் மறக்க முடியவில்லை. நிபுணர் குழுக்கள் நிலையம் பாதுகாப்பானது என்று அறிக்கை தந்தன. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், 2012-இல் ஓர் அறிவியல் இதழுக்கு அளித்த நேர்காணலில், எதிர்ப்புக்குப் பின்னால் வெளிநாட்டுப் பணம் பெறும் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். போராடும் மக்களுக்கு மனநல ஆலோசனை வழங்க பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் உதவி நாடப்படுவதாகச் செய்தி வந்தது. கேள்வி கேட்டவரின் பயத்துக்குச் சிகிச்சை யோசித்தார்களே தவிர, கேள்வியை உட்கார்ந்து எதிர்கொள்ளவில்லை. பிறகு ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்குகள் பாய்ந்தன. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப் புகைக் குண்டுகள் வீசப்பட்டன. அன்றே மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார்.

அந்த ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் கடும் மின்வெட்டு நிலவியதை நான் மறைக்கவில்லை. விசைத்தறிகள் நின்றன, தேர்வு நேரத்தில் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். மின்சாரம் வேண்டும் என்று கேட்டவர்களும் நம் மக்கள்தான், அவர்களுடைய தேவையும் உண்மையானதுதான். ஆனால் கோயம்புத்தூரின் தறிக்கு ஓட்டம் வேண்டும் என்பது இடிந்தகரைக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கு நியாயமாகாது.

அந்தக் கேள்விகள் நியாயமானவை என்பதற்கு, பின்னால் நடந்தவையே சான்று. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்கலாம் என்று தீர்ப்பளித்தது; கூடவே 15 வழிகாட்டுதல்களையும் விதித்தது. பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைப்பதற்கான இடம், பேரிடர் ஒத்திகை, மக்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறும் முயற்சி ஆகியவை அவற்றில் அடங்கும். முதல் கேள்வியும் இரண்டாவது கேள்வியும் அப்படியே நீதிமன்றத்தின் உத்தரவாகிவிட்டன. எரிபொருள் சேமிப்பிடம் கட்ட 2018-இல் நிலைய நிர்வாகம் கூடுதல் அவகாசம் கேட்டு 2022 வரை பெற்றது. அதற்காக 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடத்த அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்கிடையே ஒத்திவைக்கப்பட்டது. அதே 2019 அக்டோபர் இறுதியில், நிலையத்தின் கணினிகள் தாக்கப்பட்டதாகத் தகவல் பரவியபோது, தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று நிலையத்தின் பெயரில் மறுப்பு வந்தது. மறுநாளே, நிர்வாகப் பணிகளுக்கான கணினி ஒன்றில் தீநிரல் (மால்வேர்) கண்டறியப்பட்டது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனியானவை, அவை பாதிக்கப்படவில்லை என்ற விளக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் கவலை அந்த முதல் நாள் மறுப்பைப் பற்றியது. விசாரிப்பதற்கு முன்பே இல்லை என்று சொல்கிற பழக்கம் இருக்கும் வரை, பிறகு சொல்லப்படும் உண்மைக்கும் மதிப்பு குறைந்துதான் போகும்.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கூடங்குளத்தில் எதிர்த்து நிற்க ஒரு வாசல் இருந்தது, ஒரு மதில் இருந்தது. இன்று வந்துகொண்டிருக்கும் தொழில்நுட்பங்களுக்கு அப்படியொரு வாசல் இல்லை. அவை ரேஷன் கடை மேசையில் ஒரு சிறு கருவியாகவும், அங்கன்வாடிப் பணியாளரின் கைப்பேசியில் ஒரு செயலியாகவும் வருகின்றன.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபர் முதல் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் வட்டாரங்களில் பீடி சுற்றும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி நூல் சுற்றும் வேலையை ஆண்டுக்கணக்கில் செய்த விரல்களில் ரேகை மழுங்கிவிடுகிறது. வயல் வேலையும் பாத்திரம் தேய்ப்பதும் முதுமையும் அதையே செய்கின்றன. எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் ஆச்சி, கடையில் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "நாந்தான் ஒன் முன்னால நிக்கேம்லா தம்பி, பெறவு என்னத்துக்கு அந்த மெசினுகிட்டப் போயி கேக்க?" என்றார். அடையாளச் சரிபார்ப்புத் தொழில்நுட்பத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. அந்தக் கடை ஊழியருக்கு ஆச்சியைச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனால் தெரிந்தவர் என்ற அறிவுக்கு அந்த முறையில் இடமே வைக்கப்படவில்லை.

உண்மையில் இடம் இருக்கிறது, அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. ஆதார் சரிபார்ப்பு தோற்றுப்போனது என்ற காரணத்துக்காகத் தகுதியுள்ள ஒருவருக்கு உணவுப்பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த உச்ச நீதிமன்றத்தின் ஆதார் தீர்ப்பிலும், சரிபார்ப்புத் தோல்வியால் விலக்கப்படுவோரைப் பற்றிய கவலை விரிவாகவே பேசப்பட்டது. கருவி கடைக்கு வந்துவிட்டது. கருவி தோற்றால் உனக்கு என்ன உரிமை என்று சொல்லும் ஒரு தாள், தமிழில், கடைச் சுவரில் ஒட்டும் அளவுக்கு ஒரு தாள், இன்னும் எங்கள் கடைக்கு வரவில்லை.

இப்போது விரலிலிருந்து முகத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள். அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவை வாங்க, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் முகத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. மறுபுறம், ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று தர, கைரேகைக்குப் பதிலாக முகத்தைக் காட்டலாம் என்று 2021 இறுதியில் வந்த வசதி, ரேகை விழாத முதியவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரே தொழில்நுட்பம்தான். ஓய்வூதியருக்கு அது கூடுதலாகத் திறக்கப்பட்ட ஒரு வழி. தாய்மாருக்கு அதைத் தாண்டாமல் மாவு கிடையாது. இதில் எது வரம், எது சாபம் என்று கேட்டு எந்த நடுவர் தீர்ப்பளிப்பார்? வேறு வழி உண்டா, தவறினால் யாரிடம் போவது, பதிந்த முகம் எங்கே போகிறது, யாரைக் கேட்டு இதைக் கட்டாயமாக்கினீர்கள் என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

தமிழ்நாடு அரசு 2020-இலேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மக்கள் மீது இத்தகைய முறைகளைப் பயன்படுத்தும் முன் அவற்றை மதிப்பெண் போட்டுச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் மதிப்பெண் போடுகிறவர்களின் மேசையில் பீடித் தொழிலாளி ஒருவரும் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். கருத்துக் கேட்பதற்காக வெளியிடும் ஆவணமும் கருத்துச் சொல்ல வேண்டியவரின் மொழியில் இருக்க வேண்டும். இது பேராசை அல்ல. 2020 ஜூனில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அதை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓர் அணை, ஓர் ஆலை, ஒரு சுரங்கம் என்றால் நாம் கேட்கப் பழகிவிட்ட இந்த உரிமையை, ஒரு மென்பொருள் என்றவுடன் ஏன் கைவிடுகிறோம்?

இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் நாடு பின்தங்கிவிடும் என்கிறார்கள். கூடங்குளத்தில் முன்கூட்டியே கேட்காததால் எந்தக் காலம் மிச்சமாயிற்று என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து வரும் கூட்டத்தில் வைக்க ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்குச் சரிபார்ப்பு தோற்றது, அவர்களில் எத்தனை பேருக்கு அன்றே பொருள் கிடைத்தது என்ற கணக்கைச் சபையில் தமிழில் படிக்க வேண்டும். அங்கன்வாடியில் முகம் பதியாத தாய்க்கு மாவு மறுக்கப்படாது என்பதை எழுத்தில் தர வேண்டும். இனி ஊருக்குள் வரும் எந்தச் சரிபார்ப்புக் கருவியையும் முதலில் சபையில் இயக்கிக் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பவை அதில் உள்ளன. முன்மொழிய ஆச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் சபையில் வைக்க விரும்பினால் தீர்மானத்தின் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தங்கள் ஊரின் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.