பாதிரியிலிருந்து ரோஜாவுக்கு

கடலூர்க்காரியான எனக்கு அம்பாளின் மலர் என்றால் பாதிரிதான். சொக்கட்டான் ஆட்டத்தின்போது விளையாட்டாக ஈசனின் கண்களைப் பொத்தி உலகை இருளச்செய்த உமையவள், அப்பிழை தீர அருவமாகத் தவமிருந்த தலம் திருப்பாதிரிப்புலியூர் என்பது எங்கள் தலபுராணம், தலமரமும் பாதிரியே. குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 மலர்களிலும் பாதிரி உண்டு, ரோஜா இல்லை. அதனாலேயே ரோஜாவைக் கல்யாண மாலைக்குரிய பூவாக மட்டுமே நெடுங்காலம் கருதியிருந்தேன்.

செபமாலை மாதமான அக்டோபரில் ஒருநாள் புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள சம்பா கோவில் என்னும் மாதா பேராலயத்துக்குள் சென்றபோது, பெண்கள் சிலர் மாதாவின் மன்றாட்டு மாலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் மரியாளை மறைபொருளின் ரோஜா மலர் என்று விளிக்கும் இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. செபமாலைக்கு லத்தீனில் வழங்கும் பெயரே ரோஜாத் தோட்டம் என்று பொருள்படும். (பாதிரியார்களின் கோவிலில் நின்று பாதிரிப் பூவை நினைத்துக்கொண்டதை எண்ணிச் சிரிப்பும் வந்தது.) மரியாளை முள்ளில்லாத ரோஜா என்று போற்றுவது கிறிஸ்தவ மரபு. அழகிய கற்பனைதான், ஆனால் காளியையும் தாயென்று வணங்கி வளர்ந்த எனக்கு முள்ளை நீக்கிய தாய்மை சற்றுக் குறைவுபட்டதாகவே தோன்றியது.

அங்கிருந்து ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்கு நடந்தேன். 1878இல் பாரிஸில் பிறந்து, 1914இல் முதன்முறை இங்கு வந்து, 1920இல் திரும்பி வந்து நிலையாகத் தங்கிவிட்ட ஸ்ரீ அன்னை, நூற்றுக்கணக்கான மலர்களுக்கு ஆன்மிகப் பொருள் கண்டு சொன்னவர். அவர் சொன்னபடி வெள்ளை ரோஜா இறைவன்மீது கொள்ளும் முழுமையான அன்பு; சிவப்பு ரோஜாவோ இறையன்பாக மாறிய மனித வேட்கை. காதலர் கைமாற்றிக்கொள்ளும் அதே பூவை வெறுத்து ஒதுக்காமல், வேட்கையையே மேலேற்றிக் காட்டும் இந்தப் பொருள்தான் என்னை மிகவும் ஈர்த்தது. 1928இல் வெளிவந்த 'அன்னை' என்னும் சிறு நூலில் ஸ்ரீ அரவிந்தர் பராசக்தியின் நான்கு பெரும் வடிவங்களாக மகேசுவரி, மகாகாளி, மகாலட்சுமி, மகாசரசுவதி ஆகியோரைக் கூறுகிறார். ரோஜாவின் இதழும் மணமும் மகாலட்சுமிக்கு உரியன என்றால், முள் மகாகாளிக்கு உரியது என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

வழியில் பூ விற்ற அம்மாள், "முள்ளைக் கிள்ளிக் குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். "வேண்டாங்கம்மா, அப்படியே இருக்கட்டும்" என்று நான்கு சிவப்பு ரோஜாக்களை வாங்கிக்கொண்டேன். மஞ்சள் பூக்கள் உதிரும் மரத்தடியில், மலர்களால் மூடியிருந்த ஸ்ரீ அரவிந்தர், அன்னை சமாதியருகே மூன்றை வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

மாலையில் கடலூர் திரும்பியதும் நான்காவதைத் திருப்பாதிரிப்புலியூர் அம்பாளான பெரியநாயகியின் சந்நிதியில் தயங்கித் தயங்கி நீட்டினேன். குருக்கள் எதுவும் கேட்காமல் வாங்கி, காம்பும் முள்ளுமாக அவள் பாதத்தில் வைத்தார்.