மரிக்கொழுந்தும் பழைய ஓக் பீப்பாயும்

போன வாரம் நண்பர் ஒருவர் இரண்டு மில்லி சாம்பிள் குப்பி ஒன்றைக் கையில் வைத்து, "வீட்டுக்குப் போய் நிதானமாப் போட்டுப் பாரு, இது அவசரத்துல போடுற சென்ட் இல்ல" என்றார். ஃப்ராபின் 1697. பிரான்சில் கோன்யாக் பிராந்தி காய்ச்சும் ஒரு பழைய குடும்பத்தின் பெயரில் வரும் பெர்ஃப்யூம். சாயங்காலம் குளித்துவிட்டு மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டேன். ரம்மில் ஊறிய திராட்சை, பேரீச்சம்பழம், கொஞ்சம் பட்டை என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து வந்த அம்மா என்னைத் தாண்டிப் போனவர், நின்று திரும்பி, "என்னடா, மரிக்கொழுந்து வாங்கிட்டு வந்தியா?" என்றார்.

எனக்கு அந்த வாசனை சுத்தமாகப் பிடிபடவில்லை. அப்புறம் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தால், ரம்முக்குப் பக்கத்திலேயே 'தவனா' என்று இருக்கிறது. தவனம்! நம் மரிக்கொழுந்தேதான். தென்னிந்தியாவில் விளைந்து, ஆவியில் எண்ணெயாக இறக்கப்பட்டு, கப்பலேறிப் போகிற சரக்கு. தழையாகக் கையில் கசக்கினால் பச்சையாக, லேசான கசப்போடு மணக்கும். எண்ணெயானதும் அதற்குள்ளிருந்து காய்ந்த பழமும் பழைய மதுவும் சேர்ந்த ஒரு கனம் வெளியே வருகிறது, அதனால்தான் மதுவின் சாயலைக் கொண்டுவர நினைக்கிற பெர்ஃப்யூமர்கள் இதைத் தேடிப் போகிறார்கள். மாசிபத்திரியும், அப்சிந்த் மதுவில் போடும் வார்ம்வுட் என்ற கசப்புச் செடியும் இதன் நெருங்கிய சொந்தங்கள் என்று தெரிந்தபோது, பூக்கடையில் கதம்பத்துக்குள் செருகிக் கட்டும் அந்தச் சின்னத் தழைமேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

1697-ஐ 2011-இல் செய்தவர் பெர்த்ரான் துஷோஃபூர். ஃப்ராபின் குடும்பத்துக்குப் பதினான்காம் லூயி மன்னர் குலச்சின்னம் வழங்கிய வருடம்தான் அந்த எண். நான் இந்தப் பெர்ஃப்யூமை மதிப்பது அந்த ராஜ கதைக்காக இல்லை. இதில் மதுவைவிட அது தூங்கிய பீப்பாயின் வாசனைதான் அதிகம், அதற்காக.

கோன்யாக்கைச் செம்புப் பானையில் இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். வடிந்து வரும்போது அது கிட்டத்தட்ட 70 சதவீத ஆல்கஹால் உள்ள, தண்ணீர் போலத் தெளிந்த சாராயம். நிறம், இனிப்பு வாசம், வழவழப்பு எல்லாம் பெரும்பாலும் ஓக் மரத்திலிருந்து வருகிறவை. பலகைகளை வளைப்பதற்காகப் பீப்பாய்க்குள் நெருப்பு மூட்டுவார்கள், அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் உண்டாகிறது, வெனிலாக் காயில் இருக்கும் அதே வெனிலின். கிராம்புக்கு மணம் கொடுக்கிற யூஜெனால்கூட ஓக்கில் உண்டு. ஆகவே துஷோஃபூர் வெனிலா, பட்டை, கிராம்பு, டோங்கா விதை என்று அடுக்கியது வெறும் பலகார மசாலா இல்லை, அந்தப் பீப்பாயையே வாசனையால் மறுபடி கட்டியிருக்கிறார்.

பீப்பாயில் இருக்கும் வருடங்களில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகக் காற்றில் போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். கோன்யாக் ஊரில் கிடங்குகளின் சுவரும் ஓடுகளும் கரிபிடித்த மாதிரி கறுத்திருப்பது, அந்த ஆவியைத் தின்று வளரும் ஒரு பூஞ்சையால். கோன்யாக் காய்ச்சும் ஹென்னெஸி குடும்பத்தில் பிறந்த கிலியன் 2020-இல் இதே பெயரை வைத்து ஏஞ்சல்ஸ் ஷேர் என்று ஒரு பெர்ஃப்யூம் கொண்டுவந்தார், இன்று அதுதான் எங்கும் பேச்சு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் பிராலின் என்கிற, கொட்டையும் சர்க்கரைப் பாகும் சேர்ந்த மிட்டாயின் இனிப்பு தூக்கலாகி, மது பின்னால் போய்விடுகிறது. 1697-இல் இனிப்புக்கு நடுவே அந்தத் தழைக் கசப்பு கடைசிவரை இழுத்துப் பிடிக்கிறது.

முதல் அரை மணி நேரம் கொஞ்சம் உரக்கப் பேசும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ரோஜாவும் மல்லியும் மெலிதாக எட்டிப் பார்த்து அடங்கும். மூன்று மணி நேரம் கழித்துத் தோலோடு ஒட்டி, பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு இளஞ்சூடு, அதுதான் இதன் உயிர். சித்திரை வெயிலில் இதைப் போடாதீர்கள், திகட்டும். மழை நாளிலும் மார்கழி இரவிலும் பருத்திச் சட்டையின் காலரில் ஒரு சொட்டு போதும், மறுநாளும் இருக்கும்.

இது ஆணுக்கா பெண்ணுக்கா என்று தங்கை கேட்டாள். இருவருக்கும் என்றுதான் விற்கிறார்கள். சந்தனத்தையும் ஜவ்வாதையும் யாருக்கு என்று பிரித்துக் கேட்காமல் பூசிக்கொண்ட வீடு எங்களுடையது, மரிக்கொழுந்து மாப்பிள்ளை மாலையிலும் இருக்கும், பெண்ணின் கொண்டையிலும் இருக்கும். அவள் கழுத்தில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு கல்லூரி நண்பரின் வரவேற்புக்குப் போனாள். என் தோலில் ரம்மாக நின்றது அவளிடம் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் மாதிரி மணத்தது, தவன எண்ணெய் ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்வதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

குப்பியில் இன்னும் கால்வாசி இருக்கிறது. நேற்று பூக்காரம்மாவிடம் ஒரு கொத்து மரிக்கொழுந்து வாங்கி வந்து, அதையும் மணிக்கட்டையும் மாற்றி மாற்றி அம்மாவிடம் நீட்டினேன். கண்ணை மூடி இரண்டையும் முகர்ந்துவிட்டு, "இது காலைல பறிச்சது, அது பாட்டி பெட்டியில வச்சது" என்றார்.